இடது மரை

மார்ச் 4, திங்கள்

காலை நடை. மதியம் மோர்ச்சாதம். மூன்று மணிக்கு என் மகள் சாருமதி நத்தம் ரோட்டில் ஒரு பட்டறைக்கு என்னை அழைத்துப்போனாள். கொட்டகைக்குள் ஒரு வண்டி நின்றது. நின்றது என்று எழுதுவது மரியாதைக்குத்தான். நான்கு செங்கல் அடுக்குகளின் மேல் உட்கார்ந்திருந்தது. அறுபத்து மூன்றாம் வருஷத்து வில்லிஸ் டிரக்காம். முன்னால் ஜீப் மூஞ்சி, பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி. வத்தலக்குண்டு பக்கம் ஏதோ எஸ்டேட்டில் கோழிகள் அதில் முட்டை வைத்துக்கொண்டிருந்தனவாம்.

"எப்படிப்பா இருக்கு?" என்றாள்.

"பழைய இரும்புக்காரன்கிட்ட காட்டினியா?" என்றேன்.

அவள் மாட்டு டாக்டர். சிறுமலைக்கு மேலே, தார் ரோடு முடிந்த பிறகும் ஊர்கள் இருக்கின்றன. அங்கே மாடோ குதிரையோ படுத்துவிட்டால் கீழே கொண்டுவர வழியில்லை. இந்த டிரக்கைக் கல், சேறு, ஓடை எல்லாம் ஏறுகிற வண்டியாக மாற்றி, தொட்டியில் ஒரு கன்றுக்குட்டியைப் படுக்கவைத்து இறக்கிவிடலாம் என்பது திட்டம். திட்டம் அவளுடையது இல்லை. பக்கத்தில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றானே, அவனுடையது.

பெயர் பிலவேந்திரன். வயது முப்பத்து மூன்று. பட்டறை சொந்தம். என்னைப் பார்த்ததும் "வாங்க சார்" என்றான், கண்ணைப் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருஷம் ரயிலில் டி.டி.ஆராக இருந்தவன் நான். டிக்கெட் இல்லாதவன் என் கண்ணைப் பார்க்கமாட்டான்.

மார்ச் 10, ஞாயிறு

சாப்பிடும்போது சாருமதி, "அவர் சொல்றார், சேஸிஸ் நல்லா இருக்காம்ப்பா" என்றாள். இரண்டு வாய் கழித்து, "அவர் சொல்றார், இன்ஜினத்தான் மாத்தணுமாம்." ஒரு சாப்பாட்டுக்குள் ஏழு தரம் 'அவர்'. மெக்கானிக்குக்கு எதற்கு அவர்?

மரகதத்திடம் சொன்னேன். என் மனைவி ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "எண்ணிக்கிட்டேவா சாப்பிட்டீங்க?" என்றாள்.

மார்ச் 19, செவ்வாய்

பட்டறைக்குப் போனேன். சும்மா, நடக்கிற வழியில்தான். நான்கு கிலோமீட்டர்.

வண்டியைக் கோழி உரித்ததுபோல் உரித்து வைத்திருக்கிறான். துருப்பிடித்த இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிக்கிறான். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. சுத்தமாக வேலை செய்கிறவனைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது என் அனுபவம். வெள்ளைச் சட்டை போட்டு ஆங்கிலப் பத்திரிகை படித்துக்கொண்டு வருகிறவன்தான் திண்டுக்கல்லில் ஏறி எழும்பூர் வரை டிக்கெட் இல்லாமல் வருவான்.

அவன் டீ குடிக்கப் போன நேரத்தில், கழற்றி வைத்திருந்த ஸ்டீயரிங் பெட்டி, அச்சு, கியர்ப்பெட்டி மூன்றின் அடியிலும் மரகதத்தின் நகச்சாயத்தால் சிறு புள்ளி வைத்தேன். பின்னால் மாற்றிப் பூட்டினால் தெரிந்துவிடும்.

அவன் சட்டைக்குள் ஒரு சிலுவை தொங்குகிறது. மதம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. கவனித்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மூன்று புள்ளிகளும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. புள்ளியைப் பார்த்துவிட்டானோ?

ஏப்ரல் 13, சனி

வண்டி ஓர் உருவத்துக்கு வந்துவிட்டது. ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி ஒரு முழ உயரம் தூக்கிவிட்டான். டயர் என் இடுப்புக்கு வருகிறது. கவிழ்ந்தாலும் உள்ளே இருப்பவர் நசுங்காதபடி தலைக்கு மேலே குழாய்க் கூண்டு. சேற்றில் மாட்டினால் மரத்தில் கயிற்றைக் கட்டித் தன்னைத் தானே இழுத்துக்கொள்ள முன்னால் ஒரு மோட்டார். நட்டுப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கிக்கொண்டிருந்தவன், நான் பார்ப்பதைப் பார்த்து, "ரொம்பவும் முடுக்கக்கூடாது சார், நட்டு மாட்டுற ஸ்டட்டுக் கம்பி ஒடஞ்சிரும். கை சொல்லும், அதோட நிறுத்திரணும்" என்றான். நான் கேட்கவில்லை.

மதம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று மரகதத்திடம் சொன்னேன். "யாரு கேட்டா இப்ப?" என்றாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இன்று காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதுகிறேன். நான் கொட்டகைக்கு வெளியே நின்றிருந்தேன். இருவரும் உள்ளே. என் முன்னால் அவளை "டாக்டர்" என்று கூப்பிடுகிறவன், உள்ளே "சாரு" என்றான்.

"லெஃப்ட் சீட்டு சாருக்குன்னே செய்றேன் சாரு. இப்போதைக்கு அவருக்குத் தெரிய வேணாம்."

அவள் சிரித்தாள். சத்தம் கேட்டு நான் செருமினேன். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

இடது பக்கம் எனக்கென்றே என்ன செய்கிறான்?

மே 3, வெள்ளி

வண்டி நம் வீட்டுக்கு வந்துவிட்டது. பட்டறையில் கூரை மாற்றுகிறார்களாம், காம்பவுண்டுக்குள் நிறுத்திக்கொள்ளட்டுமா என்று சாருமதி கேட்டாள். நிறுத்தச் சொன்னேன். என் கண்ணெதிரில் இருப்பது நல்லது.

இடது சீட்டைப் பார்த்தேன். மற்றதைவிடத் தாழ்வாக இருக்கிறது. கீழே ஒரு படி, மேலே பிடித்துக்கொள்ள ஒரு வளையம். "உங்க முட்டிக்காகச் செஞ்சது சார், ஒரு தடவை ஏறிப் பாருங்க" என்றான். முட்டி வலிக்கிறது, இன்னொரு நாள் என்றேன்.

முட்டிக்காகவாம். அதற்கு ஏன் எனக்குத் தெரியக்கூடாது?

மே 5, ஞாயிறு

முக்கியமான நாள். விவரமாக எழுத வேண்டும்.

காலை ஐந்தரை. நடைக்குக் கிளம்பும் முன் வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். தொட்டிக்குள் இருந்த வீல் ஸ்பேனரை எடுத்து, சக்கர நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். வலது முன் சக்கரம், ஐந்து நட்டு, ஒன்றும் அசையவில்லை. வலது பின் சக்கரமும் அப்படியே. இடது முன் சக்கரத்துக்கு வந்தேன். முதல் நட்டு கொஞ்சம் முரண்டியது, பிறகு திரும்பிவிட்டது. கால் சுற்று. இரண்டாவதும் அப்படித்தான். இடது பக்கம் பத்து நட்டும் திரும்பின. ஸ்டட் உடைந்துவிடும் என்று அவன் சொன்னது ஞாபகம் வந்து, கால் சுற்றோடு முடுக்கி நிறுத்தினேன்.

வலது பக்கம் பாறை. இடது பக்கம் லூஸ். டிரைவர் உட்காருவது வலது பக்கம். இடது பக்கம் நான்.

இன்னொன்று. இடது பக்க ஸ்டட்டுகளின் தலையில் சின்னதாக 'எல்' என்று ஆங்கில எழுத்து. வலது பக்கம் அது இல்லை. எல் என்றால் லெஃப்ட். அல்லது லூஸ். ஒவ்வொரு ஸ்டட்டிலும் எழுதி ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு அப்படி என்ன வேலை?

மே 9, வியாழன்

செவ்வாயன்று அவன் வண்டியை எடுத்துப்போய் ஓட்டிவிட்டுக் கொண்டுவந்து விட்டான். நேற்றுக் காலை பார்த்தேன். இடது பக்கம் மறுபடி லூஸ். முடுக்கினேன். இன்று அவன் வந்தான், சக்கரத்தின் அருகே குனிந்தான், எழுந்தான். முகம் மாறியிருந்தது.

"சார், வண்டிகிட்ட யாராச்சும் வந்தாங்களா?"

"ஏன்?"

"இல்ல சார், சும்மாதான்."

சும்மா கேட்கிற முகமா அது. என் டிக்கெட் எங்கே விழுந்தது என்று சீட்டுக்கு அடியில் தேடுகிற முகம். போகும் முன் வெள்ளைப் பெயின்ட் எடுத்து, ஒவ்வொரு நட்டிலிருந்தும் சக்கரத்துக்குச் சேர்த்து ஒரு கோடு போட்டான். எங்கே நிறுத்த வேண்டும், எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அடையாளம் வைத்துக்கொள்கிறான் போலிருக்கிறது.

மே 12, ஞாயிறு

முடுக்கினேன். கால் சுற்று. கோடுகள் விலகின. விலகட்டும்.

எல்லாவற்றையும் மரகதத்திடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தப் புள்ள உங்களக் கொல்லணும்னா இம்புட்டு மாசம் உக்காந்து ஒரு வண்டியச் செய்வானா? நட்டு கழண்டுச்சோ இல்லையோ, உங்களுக்கு மரை கழண்டுபோச்சு."

இனி அவளிடம் எதுவும் சொல்வதாக இல்லை.

மே 14, செவ்வாய்

கண்ணால் பார்த்துவிட்டேன். மாடி ஜன்னலிலிருந்து. அவன் வண்டியை எடுக்க வந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். வீல் ஸ்பேனரை எடுத்து இடது முன் சக்கரத்தின் முன்னால் மண்டியிட்டு, ஐந்து நட்டையும் கழற்றும் பக்கமாகத் திருப்பினான். சந்தேகமே இல்லை, இடப்பக்கமாக. முழு பலத்தோடு. பின் சக்கரத்துக்கும் போனான்.

கீழே இறங்கிக் கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். ஆனால் சார்ட்டைச் சரிபார்க்காமல் பயணியிடம் வாயைத் திறக்கக்கூடாது. சாருமதியிடம் சொன்னால் அவனிடம் சொல்லிவிடுவாள். இன்னும் இரண்டு சாட்சியம் வேண்டும். அதுவரை அவன் கழற்றக் கழற்ற நான் முடுக்கிக்கொண்டிருப்பேன்.

மே 18, சனி

இரவுச் சாப்பாட்டின்போது சாருமதி, "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்றாள். எனக்குத் தலைவலி என்றேன். நாளைக்குப் பேசலாம்.

மே 19, ஞாயிறு. காலை ஆறரை

ஐந்து மணிக்கு மலையிலிருந்து போன். ஒத்தக்கடவு ஆண்டிச்சாமியின் குதிரை நேற்றிலிருந்து குட்டி போடமுடியாமல் கிடக்கிறது. அவர் வாழைத்தார் சுமந்து பிழைப்பதே அந்தக் குதிரையை வைத்துத்தான். சாருமதி உடனே பிலவேந்திரனைக் கூப்பிட்டாள். வேறு வண்டியில் போ என்றேன். "அங்க எந்த வண்டிப்பா ஏறும்?" என்று பெட்டியில் மருந்துகளை அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

அவன் வருவதற்குள் நான் வாசலுக்குப் போய்விட்டேன். இன்று அந்த இடது சீட்டில் உட்காரப்போவது என் மகள். நட்டுகள் இதுவரை இல்லாத அளவுக்கு முரண்டின, பிறகு சுலபமாகத் திரும்பின. பாவி, எவ்வளவு லூஸாக விட்டிருக்கிறான். கால் சுற்று போதாது என்று முக்கால் சுற்று முடுக்கினேன். பத்தும்.

ஐந்தரைக்கு வந்துவிட்டான். வந்ததும் வழக்கம்போல ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இடது பக்கம் நடந்தான். இதற்கும் நான் தயாராக இருந்தேன். மரகதம் எனக்குப் போட்டு வைத்திருந்த காப்பியைக் கொண்டுபோய், "இந்தாப்பா, முதல்ல இதக் குடி" என்று அவன் கையில் கொடுத்தேன். திகைத்துப்போனான். ஸ்பேனரைத் தொட்டியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டான். இத்தனை மாதத்தில் நான் அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. அவன் குடித்து முடிப்பதற்குள் சாருமதி ஏறிவிட்டாள். நேரமாச்சு, நேரமாச்சு என்று நானும் விரட்டினேன். டம்ளரை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏறிக் கிளம்பிவிட்டான். சக்கரத்தின் பக்கம் குனியவே விடவில்லை.

மூளை இன்னும் வேலை செய்கிறது.

மே 19, இரவு

ஆஸ்பத்திரி.

மே 21, செவ்வாய்

நடந்தது இது. ஆறாவது கொண்டை ஊசி வளைவில் இடது முன் சக்கரம் தனியாகக் கழன்று ஓடிவிட்டது. வண்டி இடது பக்கம் சாய்ந்து, தரையைத் தேய்த்துக்கொண்டே போய் மலைச்சுவரில் மோதி நின்றது. அந்த வளைவில் மலைச்சுவர் இடது பக்கம் இருந்தது. அடுத்த வளைவாக இருந்தால் இடது பக்கம் பள்ளம். இதற்கு மேல் அதைப்பற்றி எழுத முடியவில்லை.

சாருமதிக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு, நெற்றியில் ஒன்பது தையல். குழாய்க் கூண்டு இல்லாவிட்டால் தலை தப்பியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அவனுக்கு உதடு கிழிந்திருக்கிறது. குதிரையும் குட்டியும் மதியத்துக்குள் இறந்துவிட்டன.

மரகதம் என்னோடு பேசவில்லை. நான்தான் முன்பே சொன்னேனே என்று ஒரே ஒரு முறைதான் சொன்னேன்.

மே 22, புதன்

அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். நான் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தேன். நான் இருப்பது அவனுக்குத் தெரியும்.

"எப்படிக் கழண்டுச்சு?" என்று சாருமதி கேட்டாள்.

"நான்தான் முடுக்க மறந்துட்டேன்" என்றான்.

"மறந்துட்டியா?"

"ஆமா."

"அந்தக் குதிரை செத்துருச்சு, தெரியுமில்ல? ஆண்டிச்சாமிண்ணன் போன்ல அழுதாரு. மறந்துட்டேன்கிறே. நீ போ. இனிமே வராத. வண்டியையும் நீயே வச்சுக்க."

போய்விட்டான்.

குற்றவாளி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டான். இரவு நன்றாகத் தூங்கினேன் என்று எழுதலாம். தூங்கவில்லை.

மே 24, வெள்ளி

போலீஸ் ஸ்டேஷனுக்கு மனு எழுதினேன். நான்கு பக்கம். தேதி வாரியாக. பட்டறையின் வாடிக்கைக்காரர்கள் தங்கள் வண்டிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று கேள்வி. டாக்டரம்மாவையே மலையிலிருந்து தள்ளப் பார்த்தவன் என்று பேசிக்கொள்கிறார்களாம். யார் கிளப்பிவிட்டது என்று தெரியவில்லை. நான் நான்கு பேரிடம்தான் சொன்னேன்.

மனுவில் தொழில்நுட்பச் சொற்கள் தப்பாக இருந்தால் கேஸ் நிற்காது. அதனால் பைபாஸில் இருக்கும் டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் வயசானவர், பழைய ஜீப்புகள் பார்த்தவர். போனில் எடுத்து வைத்திருந்த சக்கரத்தின் படத்தைக் காட்டி, நட்டுகள் வேண்டுமென்றே கழற்றப்பட்டன என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "கடைசியா முடுக்குனது யாரு?"

என் நண்பர் ஒருவர் என்று சொல்லிவிட்டேன்.

"எந்தப் பக்கமா சுத்துனாரு?"

கையால் சுற்றிக் காட்டினேன். வலப்பக்கமாக.

அவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அய்யா, இந்தப் பழைய வில்லிஸுக்கு லெஃப்டு சைடு இடது மரை. நாம வழக்கமா முடுக்குற பக்கம் சுத்துனா அது கழலும். கழட்டுற பக்கம் சுத்துனாத்தான் இறுகும். சக்கரம் ஓடுற ஓட்டத்துல தானா கழலக்கூடாதுன்னு அந்தக் காலத்துல அப்பிடி வச்சான். ஸ்டட்டு தலையில எல்-னு போட்டிருக்குமே, பாக்கலியா?"

பார்த்தேன் என்றேன்.

"உங்க நண்பர இனிமே வண்டிப் பக்கமே விடாதீங்க" என்று சிரித்தார்.

மே 25, சனி

நடை போகவில்லை.

மே 28, செவ்வாய்

யோசித்துப் பார்த்ததில் சில விஷயங்கள்.

ஒன்று, அவன் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இப்படி ஊரில் இல்லாத வழக்கம் ஒரு வண்டியில் இருந்தால் வீட்டுக்காரனிடம் சொல்வது அவன் கடமை. இன்னொன்று, கிளம்பும் முன் நட்டைப் பார்க்க வேண்டியது ஓட்டுகிறவன் பொறுப்பு. அவனே ஒப்புக்கொண்டதைப் போய் நான் ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும்?

சாருமதி வீட்டுக்கு வந்துவிட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். மரகதம் ஊட்டிவிட்டால் சாப்பிடுகிறாள். அவன் போன் செய்வதில்லை. அவன் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. பட்டறையைக் காலி செய்கிறானாம்.

மார்ச்சிலிருந்து நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

மே 30, வியாழன்

மேலே எழுதியிருப்பதை இன்று படித்தேன். டிக்கெட் இல்லாதவன் பேசுகிற பேச்சு இப்படித்தான் இருக்கும். காரணம் நிறைய இருக்கும்.

ஜூன் 2, ஞாயிறு

நத்தம் ரோட்டுக்கு நடந்தே போனேன். கொட்டகையில் வேறு வண்டி எதுவும் இல்லை. மூலையில் நம் டிரக், மூன்று சக்கரத்தோடு. அவன் சாமான்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். "உக்காருங்க சார். டாக்டருக்கு எப்பிடி இருக்கு?"

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. "அந்த நட்ட நான்தான்" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார்" என்றான்.

என்னை டிரக்கின் இடது பின் சக்கரத்துக்கு அழைத்துப்போனான். விபத்தில் கழலாத சக்கரம். ஐந்து நட்டிலும் வெள்ளைக் கோடு முக்கால் சுற்று விலகி நின்றது. "மொதல்ல யாரோ வேணும்னு பண்றாங்கன்னுதான் நெனச்சேன். மலையில வண்டி கெடந்தப்பத்தான் இதப் பாத்தேன். கழட்டணும்னு வந்தவன் முக்கால் சுத்துல நிறுத்தமாட்டான் சார், முழுசாக் கழட்டிருவான். முடுக்குறோம்னு நெனக்கிறவன்தான் எல்லா நட்டுலயும் ஒரே அளவா நிறுத்துவான். அந்த வீட்டுல ஸ்பேனர் புடிக்கிற ஆளு நீங்க மட்டுந்தான்."

"அவகிட்ட ஏன் சொல்லல?"

அவன் நட்டைத் தடவிக்கொண்டே இருந்தான். "மெக்கானிக்குன்னா எத்தன பேரு வேணும்னாலும் கெடப்பான் சார். அவங்களுக்கு அப்பா நீங்க ஒருத்தர்தான். அதோட நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க. இடது மரைன்னு நான் சொல்லியிருக்கணும். இது எல்லாருக்கும் தெரியும்னு இருந்துட்டேன்."

"நல்லதுக்கு இல்ல" என்றேன். "நீ என்னக் கொல்லப் பாக்கிறேன்னு நெனச்சேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தான். மார்ச் மாதம் கண்ணைப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். இன்று பார்த்தான், நான்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நகச்சாயப் புள்ளி முதல் போலீஸ் மனு வரை சொன்னேன். நான்கு பேரிடம் பேசியதையும் சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு, "என் மேலயும் தப்பு இருக்கு சார்" என்றான். "கெளம்புறதுக்கு முன்னாடி நட்டப் பாக்காம நான் வண்டிய எடுத்ததே இல்ல. அன்னிக்கு நீங்க கையில காப்பியக் குடுத்தீங்க பாருங்க, அதுல எனக்கு ஒண்ணுமே ஓடல. மறந்துட்டேன். டாக்டர்கிட்ட நான் சொன்னது முழுப் பொய்யில்ல."

அந்தக் காப்பியை எதற்குக் கொடுத்தேன் என்பதையும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

ஜூன் 3, திங்கள்

மனுவைக் கிழித்துப் போட்டேன். நான்கு பேரையும் தேடிப் போய், கழற்றியது நான் என்று சொன்னேன். மூன்று பேர் நம்பவில்லை. ஒருவர் நம்பிவிட்டு, நான் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார்.

மரகதத்திடமும் சொன்னேன். "அவகிட்ட சொல்லுங்க" என்றாள்.

ஜூன் 4, செவ்வாய்

சாருமதியின் கட்டிலருகே மூன்று முறை போனேன். மூன்று முறையும் மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வந்தேன். நேரில் சொன்னால் நான் எதையாவது மழுப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் இந்த நோட்டை, ஒரு வரிகூட அடிக்காமல், அப்படியே அவள் தலைமாட்டில் வைக்கப்போகிறேன்.

சாரு, மார்ச் நாலாம் தேதியிலிருந்து படி.

ஜூன் 7, வெள்ளி

நோட்டு இன்றுதான் என்னிடம் திரும்பி வந்தது.

இரண்டு நாள் படித்தாள். ஒரு கையால்தான் பக்கம் புரட்ட முடிகிறது. நடுவில் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் ஓடும் சத்தம் வெகு நேரம் கேட்டது. நேற்று முழுவதும் என்னைப் பார்க்கவில்லை. நேற்று மாலை பிலவேந்திரன் வந்தார். அவள்தான் கூப்பிட்டிருக்கிறாள். இருவரும் அறைக்குள் ஒரு மணி நேரம் பேசினார்கள். அவள் அழுவதும் அவர் ஏதோ சொல்வதும் கேட்டது. என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே நின்று கேட்கவில்லை. தெருமுனை வரை போய் நின்றுகொண்டேன்.

இன்று காலை என்னைக் கூப்பிட்டாள். நோட்டு அவள் மடியில் இருந்தது.

"ஆண்டிச்சாமிண்ணன்கிட்ட நீங்களே நேர்ல போய்ச் சொல்லணும்ப்பா."

"நாளைக்குப் போறேன்."

"இன்னொரு குதிரை வாங்கிக் குடுக்கணும்."

"குடுக்கிறேன்."

"என்னால உங்கள இப்பவே மன்னிக்க முடியல. பொய் சொல்ல மாட்டேன்."

வேண்டாம் என்றேன். அவள் நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். மே பத்தொன்பது, காலை ஆறரை. அந்தப் பக்கம் மட்டும் ஈரம் பட்டுக் காய்ந்து சுருங்கியிருந்தது.

"பட்டறைக்குப் போனப்ப காப்பி விஷயத்த மட்டும் அவர்கிட்ட சொல்லலன்னு எழுதியிருக்கீங்க. அப்புறமாச்சும் சொல்லிட்டீங்களா?"

"இல்ல. இன்னிக்கு வந்தா சொல்லிடறேன்."

"சொல்லாதீங்க" என்றாள். "அத மட்டும் எப்பவுமே சொல்லிடாதீங்கப்பா. அன்னிக்கு வண்டியில ஏறினதுலருந்து அதையேதான் சொல்லிட்டு வந்தாரு. சார் எனக்குக் காப்பி குடுத்துட்டாரு, சாரு, அவரு கையால குடுத்துட்டாருன்னு. ஆறு வளைவும் அதையேதான் சொல்லிட்டு வந்தாரு."

சரி என்றேன். நோட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டப்போகிறேன். சாவி அவளிடம் இருக்கும்.